மீட்டிங் ரூம் கேமரா: கிருமிநாசினி எங்கே படலாம், எங்கே படக்கூடாது

மீட்டிங் ரூமில் ஆள் கை அதிகம் படுவது ரிமோட், மைக்கின் மியூட் பட்டன், டச் ஸ்கிரீன், கேமரா மூடி ஆகியவற்றில்தான். கிருமிநாசினி இவற்றுக்குத்தான் தேவை. லென்ஸை யாரும் தொடுவதில்லை. தூசியும் கறையும் போனாலே போதும். அதன் மேலும் கிருமிநாசினி வைப்ஸைப் போட்டுத் தேய்ப்பதால்தான் பூச்சு கெட்டு, படம் மங்குகிறது.

சுழலும் கேமராவை ரிமோட்டில் ஆஃப் செய்தால், பல மாடல்கள் முகத்தைப் பின்பக்கம் திருப்பிக்கொள்ளும். எனவே லென்ஸ் முன்பக்கம் இருக்கும்போதே பவர் கேபிளைக் கழற்றுங்கள். நெட்வொர்க் கேபிள் வழியாக மின்சாரம் வந்தால் அதையும் கழற்ற வேண்டும். தலையைக் கையால் திருப்பவே கூடாது, உள்ளே பல்சக்கரம் உடைந்துவிடும்.

லென்ஸில் முதல் வேலை தூசியை ஊதுவது. ரப்பர் புளோயரை நாலைந்து முறை அழுத்துங்கள். தூசி இருக்கும்போதே துடைத்தால் அது உப்புத்தாள் போலக் கீறும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். காற்று அடைத்த ஸ்பிரே கேனைச் சாய்த்துப் பிடித்தால் உள்ளிருக்கும் திரவம் தெறித்துக் கறை விழும். பிறகும் கறை தெரிந்தால், புதிய மைக்ரோஃபைபர் துணியில் லென்ஸ் கிளீனர் ஓரிரு துளி விட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு வட்டமாகத் துடையுங்கள். லென்ஸில் நேரடியாக விட்டால் விளிம்பு வழியே உள்ளே இறங்கும். டிஷ்யூ பேப்பர் வேண்டாம்.

மற்ற பாகங்களுக்கு 70% ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். கையில் 99% இருந்தால், 71 மி.லி.க்கு 29 மி.லி. டிஸ்டில்டு வாட்டர் கலக்கலாம். குழாய்த் தண்ணீர் உப்புத்தடம் விடும். ஆல்கஹால் கூடினால் நல்லது என்று நினைக்க வேண்டாம்: கிருமியின் புரதத்தைச் சிதைக்கத் தண்ணீரும் வேண்டும், 99% அதற்குள் ஆவியாகிவிடும். வேறு துணியில் நனைத்து, சொட்டாதபடி பிழிந்து துடையுங்கள். லேபிளில் சொன்ன நேரம் வரை பரப்பு ஈரமாக இருக்க வேண்டும். முன்பே காய்ந்தால் மறுபடி துடைக்கவும். ஆல்கஹால் தீப்பிடிக்கும் என்பதால் காற்றோட்டம் முக்கியம்.

பிளீச், அசிட்டோன், அமோனியா கலந்த கண்ணாடி கிளீனர் எதுவும் ஆகாது. கேமரா மேல் ஒளிபுகும் அக்ரிலிக் மூடி இருந்தால் ஆல்கஹாலும் ஆகாது, நுண்விரிசல் விடும். மென்மையான சோப்புத் தண்ணீரே சரி.

ரிமோட்டில் பேட்டரியை எடுத்துவிட்டு, பட்டன் இடுக்குகளைக் காட்டன் பட்ஸால் துடைக்கலாம். டச் ஸ்கிரீனை அணைத்துவிட்டுத் துடைக்கவும். மைக் வலையில் திரவம் படவே கூடாது. மென்தூரிகையால் தட்டினால் போதும்.

எல்லாம் நன்றாகக் காய்ந்த பிறகு, பத்து நிமிடம் கழித்து மின்சாரம் கொடுங்கள். திரையில் விளக்குகளைச் சுற்றி வெண்படலம் தெரிந்தால் லென்ஸில் கிளீனர் எச்சம் இருக்கிறது. டிஸ்டில்டு வாட்டரில் லேசாக நனைத்த துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். துணிகளைத் துவைக்கும்போது ஃபேப்ரிக் கண்டிஷனர் சேர்க்காதீர்கள், அதன் பிசுக்கு அடுத்த முறை லென்ஸில் ஏறும்.