பூட்டாத பொதுக் கணினியை நோண்டத் தோன்றும்போது

நூலகத்தின் நூல்தேடல் கணினி, மருத்துவமனையில் வரிசை எண் தரும் தொடுதிரை, விமான நிலையத்தில் பயணச் சீட்டை அச்சிட்டுத் தரும் இயந்திரம் ஆகியவற்றில் பெரும்பாலானவை உள்ளே சாதாரணக் கணினிகளே. ஒரேயொரு செயலியைத் திரை முழுவதும் காட்டி, மற்ற அனைத்தையும் மறைத்துவைக்கும் ‘கியோஸ்க்’ முறையில் அவை இயங்குகின்றன. அந்தச் செயலி முடங்கிப் பிழைச் செய்தி மேலெழும்போதோ, புதுப்பிப்புக்குப் பின் கணினி தானாக மறுபடி தொடங்கும்போதோ, பராமரிக்க வந்தவர் வேலையை முடித்துவிட்டுத் திரையைப் பூட்ட மறந்துபோகும்போதோ, மறைப்பு விலகி உள்ளேயிருக்கும் விண்டோஸ் முழுவதுமாக வெளியே தெரிகிறது. கணினி அறிந்த எவருக்கும் அப்போது விரல் துறுதுறுக்கும். அந்த நேரத்தில் செய்ய வேண்டியதையும் தவிர்க்க வேண்டியதையும் இங்கே பார்க்கலாம்.

முதலில், உங்களுக்குத் தோன்றும் ஆசை எவ்வகையைச் சேர்ந்தது என்று பாருங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஆவல் ஒரு வகை. திரையின் பின்னணிப் படத்தை மாற்றிவைத்துச் சிரிக்கும் குறும்பு இன்னொரு வகை. இவ்விரண்டையும் தவறென்று அடையாளம் காண்பது எளிது. மூன்றாவது வகைதான் ஆளை ஏமாற்றும்: “இவர்களுக்கு ஒரு பாடம் புகட்டுகிறேன்”, “நானே இதைச் சரிசெய்துவிடுகிறேன்” என்னும் நல்லெண்ணம். எச்சரிக்கைக் குறிப்பொன்றை நோட்பேடில் தட்டி வைப்பவரும், தவறாக இருக்கும் அமைப்பைத் திருத்துபவரும் பிறருடைய கணினியில் அனுமதியின்றிச் செயல்பட்டவர்களே. அந்தக் கணினியில் வேறு ஏதேனும் கெட்டிருந்தால், அதையும் அவர்கள்தான் செய்தார்கள் என்ற சந்தேகம் எழுவது இயல்பு. பதிவேடுகளில் நேரம் இருக்கும், கண்காணிப்புக் கேமராவில் முகம் இருக்கும், நோக்கம் மட்டும் எங்கும் பதிவாகியிருக்காது.

எல்லைக்கோடு எங்கே இருக்கிறது என்பதற்கு எளிய அளவுகோல் ஒன்றுண்டு. அந்தக் கணினி எந்த வேலைக்காக வைக்கப்பட்டிருக்கிறதோ அதைச் செய்யலாம். திரையில் தானாகத் தெரிவதைக் கண்ணால் பார்ப்பதும் குற்றமாகாது. அதற்கு அப்பால் வைக்கும் முதல் சொடுக்கே உள்நுழைவு. “கடவுச்சொல்லே இல்லை, திறந்துதானே கிடந்தது” என்ற வாதத்தை நம்பியிருக்க வேண்டாம். பிரிட்டனில் ஸ்டீவ் கோல்ட், ராபர்ட் ஷிஃப்ரீன் ஆகிய இருவர் 1980களின் நடுவில் பிரெஸ்டெல் என்ற தகவல் சேவைக்குள் நுழைந்து, அரசியின் கணவரான எடின்பரோ கோமகனின் அஞ்சல்பெட்டி வரை சென்றார்கள். போலி ஆவணச் சட்டத்தின்கீழ் அவர்களுக்கு விதிக்கப்பட்ட தண்டனை மேல்முறையீட்டில் ரத்தானது. அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் விளங்கிய பிரபுக்கள் அவையும் 1988இல் அந்த விடுதலையை உறுதிசெய்தது. அந்த வழக்கு காட்டிய ஓட்டையை அடைக்கும் முயற்சிகளின் விளைவே 1990ஆம் ஆண்டின் கணினி முறைகேட்டுச் சட்டம். அனுமதி இல்லை என்று தெரிந்தே நுழைவது அச்சட்டப்படி குற்றம். சேதம் விளைந்திருக்க வேண்டியதில்லை. இந்தியாவின் 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவும் உரிமையாளர் அல்லது பொறுப்பாளரின் அனுமதி இருந்ததா என்பதையே முதலில் கேட்கிறது. ஜெர்மனி போன்ற சில நாடுகளில், பாதுகாப்பைத் தாண்டி நுழைந்தால்தான் தரவை வேவு பார்த்த குற்றமாகும் என்பது உண்மை. ஆனால் நீங்கள் தாண்டியது பாதுகாப்பா இல்லையா என்பதை முடிவுசெய்வது நீதிமன்றம். அந்த விவாதத்தில் பிரதிவாதியாக நிற்பது நீங்கள்.

ஆகவே, திறந்து கிடக்கும் திரையைக் கண்டதும் கையை எடுத்துவிடுங்கள். பிழைச் செய்தியை மூட வேண்டாம். மின்விசையை அணைத்துப் போடவும் வேண்டாம். மறுபடி தொடங்கும்போது கடவுச்சொல் கேட்டு நின்றுவிட்டால், அதுவரை பாதியாவது பயன்பட்ட இயந்திரம் முழுவதுமாக முடங்கும். பழுதின் காரணத்தைக் காட்டும் தடயங்களும் மறையக்கூடும். கணினி இருக்குமிடம், நேரம், அதன்மேல் ஒட்டியிருக்கும் சொத்து எண், திரையில் தெரியும் செய்தியின் முதல் வரி ஆகியவற்றைக் குறித்துக்கொண்டால் போதும்.

படம் எடுக்கும் பழக்கத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொது இடத்தில் விண்டோஸ் பிழைத்திரையைப் பார்த்தவுடன் படமெடுத்துச் சமூக ஊடகத்தில் போடுவது ஒரு பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது. அந்தப் படத்தில் கணினியின் பெயரும், பயனர் பெயரும், வலையமைப்பில் அதை அடையாளம் காட்டும் எண்ணான ஐபி முகவரியும் இருக்கலாம். தொலைவிலிருந்து பராமரிப்பதற்காக டீம்வியூவர், எனிடெஸ்க் போன்ற மென்பொருள்களை நிறுவியிருந்தால், அவற்றின் அடையாள எண் திரையிலேயே தெரியவும் வாய்ப்புண்டு. நகைச்சுவையாகப் பகிர்ந்த படம் வேறொருவருக்கு வழிகாட்டியாகிவிடும். பொறுப்பாளரிடம் காட்டுவதற்கென்று எடுத்தால், அவரிடம் காட்டியபின் அழித்துவிடுங்கள். பிறருடைய பெயரோ விவரமோ திரையில் இருந்தால் படமே வேண்டாம்.

அடுத்து, தகவல் சொல்வது. முகப்பில் அமர்ந்திருப்பவருக்குக் கணினி நுணுக்கங்கள் தெரிந்திருக்க வேண்டியதில்லை. “கியோஸ்க் முறையிலிருந்து வெளியேறிவிட்டது” என்று சொன்னால் அவர் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார். “அந்தத் திரையில் யார் வேண்டுமானாலும் உங்கள் கணினியின் உள்ளே போகலாம், பழுது பார்ப்பவர் வரும்வரை, பயன்பாட்டில் இல்லை என்று ஒரு தாளை ஒட்டிவையுங்கள்” என்று சொன்னால் உடனே எழுந்து வருவார். எழுத்தில் தெரிவிப்பதானால் இப்படிச் சுருக்கமாக எழுதலாம்: “தரைத்தளத்துத் தகவல் கணினியில் இன்று காலை உங்கள் செயலிக்குப் பதிலாக விண்டோஸின் முகப்புத் திரை தெரிந்தது. கணினியின் எண்ணைக் கீழே குறித்துள்ளேன். நான் எதையும் தொடவில்லை.” கடைசி வாக்கியம் உண்மையாக இருந்தால் மட்டுமே எழுத வேண்டும். எதையாவது தொட்டிருந்தால் எதை, எப்போது தொட்டீர்கள் என்று மறைக்காமல் எழுதுங்கள். பணமோ வெகுமதியோ அதே கடிதத்தில் கேட்காதீர்கள். கேட்டால் அது மிரட்டலாகப் படிக்கப்படும்.

முகப்பில் பலன் கிடைக்காவிட்டால், அந்நிறுவனத்தின் இணையதளத்தில் ‘செக்யூரிட்டி.டிஎக்ஸ்டி’ (security.txt) என்ற கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பாதுகாப்புக் குறைகளை யாரிடம் தெரிவிப்பது என்பதைச் சொல்லும் அந்தக் கோப்பின் வடிவம் 2022இல் ஆர்எஃப்சி 9116 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக வெளியானது. அதுவும் இல்லையென்றால், பல நாடுகளில் ‘செர்ட்’ என்றழைக்கப்படும் தேசியக் கணினி அவசரநிலைக் குழுக்கள் இத்தகைய தகவல்களைப் பெற்று உரியவரிடம் சேர்க்கின்றன.

முன்பு பயன்படுத்தியவரின் மின்னஞ்சல் திறந்தபடியே இருந்தால் நிலைமை சற்று வேறு. அப்படியே விட்டுச் செல்வது அவருக்குத் தீங்கு. படிப்பதோ அதைவிடத் தீங்கு. ஆள் அருகில் இருந்தால் கூப்பிடுங்கள். இல்லையென்றால் எதையும் வாசிக்காமல் ‘வெளியேறு’ என்பதை மட்டும் அழுத்துங்கள். உலாவியின் தாவலை (டேப்) மூடுவது வெளியேறுவதாகாது: உள்நுழைவை நினைவில் வைத்திருக்கும் ‘குக்கீ’ என்ற சிறு தரவு உலாவியில் இருக்கும்வரை அடுத்து வருபவர் அதே கணக்குக்குள் நுழைந்துவிடலாம். “உங்கள் கணக்கு திறந்திருந்தது” என்று அவர் கணக்கிலிருந்தே அவருக்கு அஞ்சல் அனுப்பும் வேலை வேண்டவே வேண்டாம்.

விசைப்பலகையின் கம்பிக்கும் கணினிக்கும் இடையில் விரல் நுனியளவு கருவி ஏதேனும் செருகப்பட்டிருந்தால், அது தட்டப்படும் எழுத்துகளைப் பதிவுசெய்யும் கருவியாக இருக்கலாம். கடவுச்சொல் எதையும் தட்டாமல் எழுந்துவிடுங்கள், கருவியைப் பிடுங்காதீர்கள். அருகில் கிடக்கும் யூஎஸ்பி நினைவகத்தை எதிலும் செருக வேண்டாம். 2016இல் வெளியான இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், வளாகத்தில் போட்டுவைத்த 297 நினைவகங்களில் 45 விழுக்காட்டில் இருந்த கோப்புகளை எடுத்தவர்கள் திறந்தார்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஆவல் அடங்கவில்லையென்றால், அதற்கு உங்கள் சொந்தக் கணினி இருக்கிறது. கணினிக்குள்ளேயே இன்னொரு கணினியை இயக்க உதவும் இலவச மென்பொருளான வர்ச்சுவல்பாக்ஸில் விண்டோஸின் புரோ பதிப்பை நிறுவி, அதில் கியோஸ்க் வசதியை அமைத்து, அதிலிருந்து வெளியேற முயன்று பாருங்கள். அச்சிடும் சாளரம், கோப்பைச் சேமிக்கும் சாளரம், ஷிஃப்ட் விசையை ஐந்துமுறை அழுத்தினால் எழும் ஒட்டும்விசை (ஸ்டிக்கி கீஸ்) அறிவிப்பு என்று, பொறுப்பாளர்கள் அடைக்க மறக்கும் இடங்கள் ஒவ்வொன்றாகப் புலப்படும். அவற்றை நீங்களே அடைத்தும் பழகலாம். பிறருடைய கணினியைச் சோதிக்கும் வாய்ப்பு வந்தால், எந்தக் கணினி, எந்த நாள்கள், எவ்வகைச் சோதனை என்பவற்றைக் குறிப்பிடும் அனுமதியை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். வாய்மொழியாகச் சம்மதித்தவர் மாற்றலாகிப் போய்விட்டால், அந்தத் தாள் மட்டுமே உங்கள் பக்கம் பேசும்.