விதைநெல்லைத் தேர்வு செய்ய ஒரு முட்டையும் கல்லுப்பும் போதும்

முதல் முறை நெல் போடுகிறவர்கள் பெரும்பாலும் உரத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். விதையைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. நாற்றங்காலில் பாதி நாற்று தடித்தும் மீதி நூல் மாதிரி மெலிந்தும் நின்றால், அப்புறம் எந்த உரத்தைப் போட்டும் ஈடுகட்ட முடியாது. பதரையும் (உள்ளீடற்ற நெல்), கருக்காயையும் (அரைகுறையாக முற்றிய நெல்) விதைப்பதற்கு முன்பே கழித்துவிட வேண்டும்.

இங்கே ஓர் ஏக்கர் ஒற்றை நாற்று நடவை, அதாவது திருந்திய நெல் சாகுபடியை, கணக்கில் வைத்துச் சொல்கிறேன். அதற்கு 3 கிலோ விதை போதும். குத்துக்கு, அதாவது நடுகிற ஒவ்வோர் இடத்துக்கும், ஒரே நாற்றுதான் நடுவோம் என்பதால், நோஞ்சான் நாற்று ஒன்று போனால் அந்தக் குத்தே நோஞ்சானாகிவிடும். கழிவு போகத்தான் இந்த 3 கிலோ. ஆகவே கையில் கொஞ்சம் கூடுதலாக விதை வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் முளைப்பு பாருங்கள்

விதைப்புக்குக் குறைந்தது பத்து நாளுக்கு முன் இதைச் செய்துவிடுங்கள். கைக்கு வந்த 100 மணிகளை, நல்லது கெட்டது பார்க்காமல், எண்ணி எடுங்கள். நனைத்த சாக்குத் துண்டில் பரப்பிச் சுருட்டி நிழலில் வையுங்கள். ஈரம் காயக் கூடாது. ஒரு வாரத்தில் பிரித்து எண்ணுங்கள். சான்று பெற்ற நெல் விதைக்கு 80 சதவீத முளைப்பு இருக்க வேண்டும் என்பது விதி. உங்கள் விதை அதற்குக் கீழே இருந்தால் வேறு விதை தேடுவதே நல்லது. அறுத்த கையோடு எடுத்த விதை என்றால் ஒரு விஷயம்: சில ரகங்களுக்கு விதை உறக்கம் உண்டு, அதாவது நல்ல விதையாக இருந்தும் கொஞ்ச காலம் முளைக்காது. சில வாரம் கழித்து இன்னொரு முறை பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

உப்புத் தண்ணீர்

ஒரு பெரிய வாளியில் 10 லிட்டர் நல்ல தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு கோழிமுட்டையைப் போடுங்கள். அது புது முட்டையாக இருக்க வேண்டும். பழைய முட்டை வெறும் தண்ணீரிலேயே தூக்கிக்கொண்டு வரும், அதை நம்பி அளவு பார்க்க முடியாது. புது முட்டை அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

இப்போது கல்லுப்பைக் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டுக் கலக்குங்கள். அவசரப்படாமல் ஒவ்வொரு பிடியும் கரைந்த பிறகு பாருங்கள். கொஞ்ச நேரத்தில் படுத்திருந்த முட்டை மெல்ல எழுந்து, கூர் முனை கீழேயும் மழுங்கிய முனை மேலேயுமாக நிற்கும். காற்றறை மழுங்கிய பக்கம் இருப்பதால்தான் அப்படி. இன்னும் உப்புப் போட்டால் மேலே வந்து, தலை மட்டும் தண்ணீருக்கு வெளியே தெரியும். அந்தத் தலை 25 பைசா அளவுக்குத் தெரிந்தால் நிறுத்திவிடலாம். 25 பைசா 2011 ஜூனோடு செல்லாமல் போய்விட்டது, ஆனாலும் வயல்காட்டில் இந்த அளவுக்கு இன்னும் அதே பேர்தான். குறுக்கே சுமார் 2 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உப்பு ஏறக்குறைய ஒன்றரை கிலோ பிடிக்கும். ஆனால் ஈர உப்பு, பழுப்பு உப்பு என்று ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. தராசை விட முட்டையை நம்புங்கள்.

சரி, முட்டையை வெளியே எடுத்துவிட்டு விதையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். கையை அடிவரை விட்டு நன்றாகக் கலக்கிவிடுங்கள். உமியில் ஒட்டிய காற்றுக் குமிழியால் நல்ல மணியும் மிதக்கும். கலக்கினால் அது கீழே போய்விடும். வால் நீண்ட பாரம்பரிய ரகங்களுக்கு இந்தக் கலக்கல் இன்னும் முக்கியம். அதற்குப் பிறகும் மிதப்பதைத் தயங்காமல் வடிகட்டியால் அள்ளி எடுங்கள். பார்க்க நெல் மாதிரியேதான் இருக்கும், மனசு வராது. ஒன்றை நகத்தால் உரித்துப் பாருங்கள், உள்ளே அரிசி அரைகுறையாகத்தான் இருக்கும். அலசி, காயவைத்துக் கோழிக்குப் போடலாம்.

இரண்டு மூன்று தடவை விதை போட்ட பிறகு மறுபடி முட்டையை விட்டுப் பாருங்கள். தலை இறங்கியிருந்தால் இன்னும் ஒரு பிடி உப்பு. வேலை முடிந்ததும் அந்தத் தண்ணீரை நாற்றங்கால் பக்கமோ கிணற்றடியிலோ கொட்டிவிடாதீர்கள்.

கழுவுவதில்தான் கவனம்

அடியில் தங்கிய விதையை உடனே எடுத்து நல்ல தண்ணீரில் மூன்று தடவை அலசுங்கள். முதல் வருஷம் நான் ஒரே ஒரு தடவை அலசிவிட்டுப் போட்டேன். நாற்றங்காலில் திட்டுத் திட்டாக முளைக்காமல் கிடந்தது. தேர்ந்தெடுத்த நல்ல விதையை நானே கெடுத்துவிட்டேனே என்று அன்று பட்ட வேதனை இன்னும் நினைவிருக்கிறது. அன்றிலிருந்து அலசி முடித்ததும் ஒரு மணியை எடுத்து நாக்கில் வைத்துப் பார்ப்பேன். உப்புக் கரித்தால் இன்னொரு அலசு.

ஊறவும் முளைகட்டவும்

கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் தூளை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, அதில் விதையை ஓர் இரவு ஊறப் போடுங்கள். குலைநோய் முதலியவற்றுக்கு இது ஆரம்பக் காப்பு. இதோடு ரசாயனப் பூஞ்சாணக் கொல்லியைச் சேர்க்கவே கூடாது. சூடோமோனாஸ் உயிருள்ள பாக்டீரியா.

மறுநாள் தண்ணீரை வடித்து, ஈரச் சாக்கில் கட்டி, நிழலில் வைக்கோலுக்குள் புதைத்து வையுங்கள். ஆறேழு மணி நேரத்துக்கு ஒரு முறை தண்ணீர் தெளித்துப் புரட்டிவிட வேண்டும். உள்ளே கையை விட்டால் இளஞ்சூடு தெரியும், அது நல்ல அறிகுறி. கை பொறுக்காத சூடு என்றால் உடனே ஆறவிடுங்கள். சுமார் 24 மணி நேரத்தில் வெள்ளை முனை எட்டிப் பார்க்கும். ஐப்பசி, கார்த்திகைக் குளிரில் கூடுதல் நேரம் ஆகும். முனை தெரிந்தவுடன் விதைத்துவிட வேண்டும். வேர் நீண்டு பின்னிக்கொண்டால் பிரிக்கும்போது முளை ஒடிந்துவிடும்.

பாத்தியில்

ஏக்கருக்கு 1 சென்ட் பாய் நாற்றங்கால் (நாற்றைப் பாய் போலப் பெயர்த்தெடுக்கும் மெல்லிய மண் பாத்தி) போதும். சதுர மீட்டருக்கு 75 கிராம் விதை. நெருக்கிப் போட்டால் நாற்று மெலியும். மேலே மெல்லிசாக உலர்ந்த மண் தூவி, பூவாளியால் தண்ணீர் தெளியுங்கள். குடத்தால் ஊற்றினால் விதையெல்லாம் ஒரு மூலைக்கு ஓடிவிடும். முளை மண்ணைவிட்டு எழும் வரை குருவிகள் வரும், அதனால் வைக்கோலைப் பரப்பி மூடுங்கள். பச்சை தெரிந்ததும் வைக்கோலை எடுத்துவிடலாம். 14 நாளில் நாற்று நடவுக்குத் தயார்.