கார் அலாரம்: சென்சரை எங்கே பூட்டக் கூடாது

திருகோணமலையில் அலாரம் பூட்டப் பழகும் பொடியன்மார் வயரை மாறிக் கொடுப்பது இப்போது குறைவு. பெட்டிக்குள் வரும் தாளிலேயே நிறம் நிறமாகப் படம் இருக்கிறது. பியூஸ் போட வேண்டும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆகவே அந்தப் பிழைகளை விட்டுவிடுவோம். இந்தத் தொழிலில் முன்பு இறங்கியவர்கள் செய்து, திரும்பக் கழற்றித் திருத்திய பிழைகள் வேறு. சென்சருக்கு இடம் பார்ப்பதில் வரும் அந்தப் பிழைகளையே புதியவர்களும் செய்துகொண்டிருக்கிறார்கள்.

ஷொக் சென்சரை டாஷ்போட் பிளாஸ்டிக்கில் ஒட்டுவது

ஷொக் சென்சர் தீப்பெட்டி அளவு இருக்கும். உள்ளே அதிர்ந்தால் மின்சாரம் தரும் பைசோ தகடோ, ஆடும் காந்தமும் அதன் பக்கத்தில் ஒரு கம்பிச் சுருளுமோ இருக்கும். எந்த வகையானாலும் அது பிடிக்க வேண்டியது காரின் இரும்பு வழியாக ஓடிவரும் அதிர்வைத்தான்.

நடப்பது என்ன? ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, அதன் உட்பக்கத்தில் டபுள் டேப்பால் சென்சரை ஒட்டி, மூடியைத் திரும்ப அமுக்கிவிடுகிறார்கள். ஐந்து நிமிட வேலை. பின்கதவில் தட்டிப் பார்த்தால் அலாரம் அசையாது. மூடி நிற்பது கிளிப்பில். வருகிற அதிர்வைக் கிளிப்பும் பிளாஸ்டிக்கும் விழுங்கிவிடும். உடனே எவ்வளவு அடிக்குக் கத்த வேண்டும் என்று வைக்க சென்சரில் உள்ள சிறு திருகை முழுவதுமாகத் திருப்பிக் கூட்டிவிடுகிறார்கள். இப்போது சத்தம் வருகிறது. வேலை முடிந்தது என்று கார் போய்விடும்.

தொல்லை அதற்குப் பிறகுதான் தொடங்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மத்தியான வெயிலில் மூடி நிறுத்திய காரின் டாஷ்போட் மேற்பரப்பு 70 பாகை செல்சியஸையும் தாண்டும். பொழுது பட்டதும் பிளாஸ்டிக் சுருங்கி 'டிக், டிக்' என்று நெரியும். திருகு முழுக்கக் கூட்டியிருப்பதால் அந்த நெரிவே சென்சருக்கு அடி விழுந்த மாதிரி. அகலமான பிளாஸ்டிக் மூடி பறைத்தோல் போலவும் வேலை செய்யும். தூரத்து இடி, பக்கத்தில் போகும் பஸ்ஸின் உறுமல் எல்லாவற்றையும் வாங்கிக் கொடுக்கும். காரின் இரும்பில் விழும் அடியை மட்டும் சரியாகக் கொடுக்காது.

டேப்பும் நிற்காது. உப்புவெளிப் பக்கம் இரவில் நிறுத்தும் வாகன் ஆர் கார் ஒன்று நாளாந்தம் கத்தியது. ரிமோட்டில் பழுது என்று நினைத்துச் சொந்தக்காரர் ரிமோட் பெற்றரியை இரண்டு தரம் மாற்றிவிட்டார். மூடியைத் திறந்தபோது டேப் தூசு படிந்து பிளாஸ்டிக்கிலேயே இருந்தது. சென்சர் தன் வயரில் தொங்கி, பிரேக் மிதியின் தாங்கியில் தட்டிக்கொண்டிருந்தது. அலாரம் கத்துவதை விட இது மோசம். மிதிக்குப் பின்னால் ஒரு பெட்டி இறுகினால் பிரேக் முழுக்க இறங்காது. இதைப் பார்க்கும்போது வருகிற கோபம் இன்னும் குறையவில்லை.

செலவும் சிறியதல்ல. பத்து வருடம் ஓடிய ஜப்பான் கார்களின் மூடிக் கிளிப்புகள் காய்ந்திருக்கும். திரும்பக் கழற்றும்போது குறைந்தது இரண்டு முறிந்துவிடும். அதற்குள் சொந்தக்காரர் அயலவரின் பேச்சுக்குப் பயந்து அலாரத்தைப் போடாமலே கதவைச் சாவியால் பூட்டிவிட்டுப் போகப் பழகியிருப்பார். பிறகு அந்த அலாரம் இருந்தென்ன, இல்லாமல் விட்டென்ன.

சரியான இடம் டாஷ்போட்டுக்குள் இடமிருந்து வலமாக ஓடும் இரும்புக் குழாய், அல்லது அதில் ஒட்டவைத்த ஸ்டியரிங் தாங்கி. காரின் இரண்டு பக்கமும் இந்தக் குழாயில் வந்து சேர்வதால் நாலு மூலையின் அதிர்வும் அளவாக வரும். குழாயை ஸ்பிரிட்டால் துடையுங்கள். சென்சரின் தட்டையான முதுகு இரும்பில் படிய வைத்து, ஐந்து மில்லிமீற்றர் அகலக் கேபிள் டை இரண்டைக் குறுக்கும் மறுக்குமாகப் போட்டு இறுக்குங்கள். இடையில் டேப்போ ஸ்பொஞ்சோ வேண்டாம். கையால் அசைத்தால் குழாயோடு சேர்ந்துதான் அசைய வேண்டும். திருகு கீழ்நோக்கி இருக்கட்டும். பிறகு ஸ்குரூ டிரைவர் போக வழி வேண்டும். ஸ்டியரிங் தண்டு, அதை ஏற்றி இறக்கும் பகுதி, மஞ்சள் உறை போட்ட எயார் பேக் வயர் ஆகிய மூன்றிலும் டை படக் கூடாது.

அளவு வைப்பது இப்படி. திருகை மிகக் குறைவில் விட்டு, கண்ணாடிகளை மூடி, அலாரத்தைப் போட்டு, சென்சர் விழிக்கும் வரை ஒரு நிமிடம் பொறுங்கள். முன்கண்ணாடி ஓரத் தூணில் பொத்திய கையின் சதைப் பக்கத்தால் குத்துங்கள். பலமான குத்துக்கு முழுச் சைரனும், மெல்லிய தட்டுக்கு எச்சரிக்கைச் சத்தம் மட்டும் வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். பின்தூணிலும் பாருங்கள். கண்ணாடியில் குத்த வேண்டாம்.

இன்னும் இறுக்கமாக இருக்கட்டும் என்று ஷொக் சென்சரை எஞ்சின் பக்கத் தகட்டில் பூட்டுவது

மெல்லிய தகடு எதற்கும் அதிரும். மழைத்துளிக்கும் கத்தும்.

அல்ட்ராசொனிக் கண்களை ஏசி வாய்க்கு நேரே வைப்பது

அல்ட்ராசொனிக் சென்சர் காருக்குள் அசைவைப் பிடிப்பது. அதன் இரண்டு கண்களும் 40 கிலோஹேர்ட்ஸ் அளவில் காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, திரும்பி வருவதில் மாற்றம் இருக்கிறதா என்று பார்ப்பது. காற்றோட்டமே அதற்கு அசைவுதான். இரண்டு கண்களையும் முன்கண்ணாடியின் இரு ஓரத் தூண்களின் மேற்பக்கத்தில், பின்கண்ணாடியின் நடுவைப் பார்க்கும்படி வையுங்கள். தூணின் மூடியில் எயார் பேக் குறி இருந்தால் அங்கே வேண்டாம்; மேல்விளக்கின் பக்கம் பாருங்கள். வெக்கைக்காகக் கண்ணாடியை இரண்டு விரல் இறக்கிவிட்டுப் போகும் ஆட்களுக்கு இந்தச் சென்சரே சரிவராது என்று முதலே சொல்லிவிடுங்கள். முன்கண்ணாடியில் தொங்கும் பூமாலை, செபமாலை, தஸ்பீஹ், வான் வண்டியின் யன்னல் திரை எல்லாம் காற்றுக்கு ஆடும்.

மைக்ரோவேவ் சென்சரை இரும்புக்குப் பின்னால் ஒளிப்பது

இதுவும் அசைவைப் பிடிப்பதுதான், ஆனால் ரேடியோ அலையால். அந்த அலை பிளாஸ்டிக்கையும் துணியையும் கண்ணாடியையும் ஊடுருவும், இரும்பை ஊடுருவாது. முன் இருக்கைகளுக்கு நடுவே உள்ள பெட்டியின் பிளாஸ்டிக்குக்கு அடியில், கியர் தாங்கியை விட்டு ஒரு சாண் தள்ளி வையுங்கள். கண்ணாடியைத் தாண்டுவதால் கூட்டிவைத்தால் வெளியே போகிறவரையும் பிடிக்கும். பிரெட்ரிக் கோட்டைப் பக்கம் மான்கள் காரை உரசிக்கொண்டு நடக்கும் ஊர் இது. ஒரு ஆளைக் காரைச் சுற்றி ஒரு அடி தூரத்தில் நடக்கவிட்டு, கத்தாத அளவில் நிறுத்துங்கள்.

பாதரசச் சாய்வு சென்சர்

உள்ளே பாதரசம் உருண்டால் கார் சாய்ந்ததாக இது எடுத்துக்கொள்ளும். ஓர்ஸ் ஹில் சரிவில் நிறுத்தும் காருக்கு வாங்கவே வேண்டாம்; அங்கே நிறுத்தும்போதே சாய்வுதான். அலாரம் போடும் நேரத்துச் சாய்வை நினைவில் வைக்கும் வகையை வாங்குங்கள்.

பொனட் சுவிச்சை மழைநீர் ஓடும் பள்ளத்தில் துளைப்பது

பொனட் திறந்ததும் மேலெழும்பி அலாரத்துக்குச் சொல்லும் ஊசிதான் இந்தச் சுவிச். கடற்காற்றின் உப்பும் மார்கழி மழையும் சேர்ந்து ஊசியைத் துருவில் பிடித்துவிடும். தண்ணீர் தேங்கினால் அதுவே எர்த் கொடுத்து, பொனட் திறந்ததாக அலாரத்துக்குக் காட்டும். பள்ளத்துக்கு மேலே உள்ள விளிம்பில் பூட்டி, துளையின் ஓரத்துக்குப் பெயின்ற் தொட்டு, ஊசிக்குக் கிறீஸ் பூசுங்கள். அந்தக் கிறீஸை வருடத்தில் இரண்டு தரம் புதுப்பிக்க வேண்டும். ஒன்று மாரி தொடங்குமுன்.