சேதனப் பசளையா, இரசாயனப் பசளையா: சொந்த வயலில் ஒப்பிட்டுப் பார்க்கும் முறை

2021 மே மாதத்தில் இலங்கையில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டதால், மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் நெல் வேளாண்மை செய்வோர் போதிய ஆயத்தமின்றியே அடுத்த பெரும்போகத்தில் (மாரி மழையோடு செய்யும் முதன்மை நெற்போகத்தில்) இறங்க வேண்டியதாயிற்று. அந்தப் போகத்தின் விளைச்சலைக் காட்டி, எரு, வைக்கோல் போன்ற சேதனப் பசளை சரிவராது என்று முடிவு கட்டியவர்கள் பலர். பழுது பசளையில் அல்ல, தடை வந்த வேகத்தில்தான் என்று வாதிட்டவர்களும் உண்டு. நம் வயலில் இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்து அளந்து பார்க்காத வரையில், இரு தரப்பும் சொன்னது நமக்கு ஊகமே. அந்த அளவையை நம்முடைய வயலிலேயே செய்வது எப்படி என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் தழைச்சத்துக் கணக்கைப் போட்டுக்கொள்ள வேண்டும். யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து இருப்பதால், 50 கிலோ மூடை ஒன்றில் 23 கிலோ கிடைக்கிறது. உலர்ந்த மாட்டெருவில் தழைச்சத்து 1 சதவீதம் என்று கொண்டால், அதே 23 கிலோவுக்கு 2,300 கிலோ எரு வேண்டும். அதிலும் முதல் போகத்தில் பயிருக்குக் கிடைப்பது ஒரு பகுதிதான், மீதி மண்ணில் தங்கி மெல்ல மெல்லவே வெளிவரும். ஒரு வரவைக்கு (வரம்பு கட்டிய வயல் துண்டுக்கு) ஏக்கருக்கு இரண்டு மூடை யூரியாவும், அடுத்த வரவைக்கு ஒரு பெட்டி எருவும் போட்டுவிட்டு விளைச்சலை ஒப்பிடுவது, பந்தியில் உண்டவனையும் பட்டினி கிடந்தவனையும் ஓடவிட்டுப் பார்ப்பதற்குச் சமம்.

கோதுமையில் இந்த ஒப்பீடு மிக நீண்ட காலமாக நடந்துவருகிறது. இங்கிலாந்தின் ரொதம்ஸ்ரெட் ஆய்வுநிலையத்தில் 1843இல் தொடங்கிய வயலில், ஒரு பாத்திக்கு ஆண்டுதோறும் ஹெக்டேயருக்கு 35 தொன் தொழுவெரு இடப்படுகிறது. பல பத்தாண்டுகள் அதன் விளைச்சல் இரசாயனப் பசளையிட்ட பாத்திக்கு ஏறத்தாழ ஈடாகவே இருந்தது. எருவிட்ட மண்ணின் சேதனப் பொருள் பசளையிடாத மண்ணைவிட இரண்டு மடங்குக்கும் மேலாயிற்று. ஆனால் 35 தொன் என்பது ஏக்கருக்கு 14 தொன். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் பெரும்போகம் தொடங்கியதும் மாடுகள் மேய்ச்சல் தரைக்குப் போய்விடும் நிலையில், அவ்வளவு எருவை யார் சேர்க்க முடியும்? ஆகவே போகத்துக்கு முன்பே பட்டி அடைக்கும் இடத்தைத் திட்டமிட்டுக்கொள்ளுங்கள். கோதுமை காற்றோட்டமுள்ள மண்ணில் விளைவது, நெல் தேங்கிய நீரில் விளைவது என்பதையும் மறவாதீர்கள். தேங்கிய நீரில் தூவிய யூரியாவின் ஒரு பங்கு அமோனியாவாகக் காற்றில் போய்விடும் என்பதால், நீரை வடித்துச் சேறாக இருக்கும்போது பிரித்துப் பிரித்து இடுவதே நல்லது.

ஒப்பீட்டுக்கு மூன்று வரவைகளைத் தெரிந்தெடுங்கள். ஒன்றில் இரசாயனப் பசளை மட்டும், மற்றொன்றில் சேதனப் பசளை மட்டும், மூன்றாவதில் எருவும் வைக்கோலும் குறைந்த யூரியாவும். மூன்றாவது வழியே நமது நிலத்துக்குப் பொருந்தும் என்பது என் எண்ணம், ஆனால் அளந்தே முடிவெடுங்கள். மூன்றிலும் விதை இனமும் விதைப்பு நாளும் ஒன்றாக இருக்கட்டும். தண்ணீர் ஒரு வரவையிலிருந்து இன்னொன்றுக்கு வடியக்கூடாது. மேல் வரவையின் யூரியா வக்கடை (நீர் பாய வரம்பில் வெட்டும் வாய்) வழியாகக் கீழ் வரவைக்குப் போய்விட்டால் ஒப்பீடு அங்கேயே கெட்டுவிடும், ஆகையால் ஒவ்வொன்றுக்கும் வாய்க்காலிலிருந்தே தனி மடை வையுங்கள். பசளை இடும் முன் ஒவ்வொரு வரவையிலும் பத்து இடங்களில் 15 சென்ரிமீற்றர் ஆழத்து மண்ணெடுத்துக் கலந்து, பரிசோதனைக்காக விவசாயப் போதனாசிரியரிடம் கொடுங்கள்.

வைக்கோலைக் கொளுத்தாதீர்கள். பயிர் எடுத்த பொட்டாசியத்தின் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது. ஆனால் காலம் தவறினால் அதுவே கெடுதல் செய்யும். ஒருமுறை விதைப்புக்குப் பத்து நாளே இருக்கையில் நான் வைக்கோலை உழுது மடித்தேன். மூன்றாம் கிழமையில் என் பயிர் எலுமிச்சை நிறத்தில் வெளிறி நின்றது, வரம்புக்கு அப்பால் அடுத்த வயல் கரும்பச்சையாயிருந்தது. வைக்கோலை உக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தைத் தாம் பிடித்துக்கொண்டதே காரணம். விதைப்புக்கு மூன்று, நான்கு கிழமைகளுக்கு முன்பே ஈரத்தோடு மடித்துவிடுங்கள்.

களை இன்னொரு பொறி. நன்றாக உக்காத மாட்டெருவில் களைவிதைகள் உயிரோடு வரும். நேரடி விதைப்பு வயலில் அவை நெல்லோடு சேர்ந்தே முளைக்கும். அப்போது குறையும் விளைச்சலைப் பசளையின் தலையில் கட்டுவது தவறு, எனவே மூன்று வரவையிலும் களையைச் சமமாக எடுங்கள்.

அறுவடை இயந்திரம் இறங்குவதற்கு முன், 1 மீற்றர் சதுரச் சட்டத்தை ஒவ்வொரு வரவையிலும் வரம்போரம் தவிர்த்து ஐந்து இடங்களில் வைத்து அறுத்து, நெல்லைக் காயவைத்து நிறுங்கள். ஒரு சட்டத்துக்குச் சராசரி 500 கிராம் என்றால் ஏக்கருக்கு ஏறத்தாழ 2,020 கிலோ, புசலுக்கு 21 கிலோ வீதம் 96 புசல். கூலியையும் எரு ஏற்றிய செலவையும் அதனருகிலேயே எழுதுங்கள்.

மண்ணையும் பாருங்கள். அறுவடைக்குப் பின் ஒவ்வொரு வரவையிலும் ஒரு கட்டியை எடுத்து நிழலில் உலர்த்தி, தண்ணீர்க் கண்ணாடிக் குவளைகளில் மெதுவாக இடுங்கள். சேதனப் பொருள் குறைந்த கட்டி சில நிமிடங்களில் கரைந்து குழம்பாகும், வளமுள்ளது நெடுநேரம் உருக்குலையாமல் கிடக்கும். முதலாம் போகத்தில் வித்தியாசம் தெரியாமலிருக்கலாம். அதே வரவைகளில் அதே பசளை முறையை மாற்றாமல் குறைந்தது மூன்று பெரும்போகம் தொடர்ந்து, ஒவ்வொரு முறையும் இந்தக் குவளைகளை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள்.