சைக்கிள் தெரியும் என்ற நினைப்பில் விடும் பிழைகள்

யாழ்ப்பாணத்தில் நாற்பத்தைந்து வயது தாண்டிய ஒருவருக்குச் சைக்கிளைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கப் போனால் சிரிப்பார். பொருளாதாரத் தடை இருந்த தொண்ணூறுகளில் எங்கள் காரும் லொறியும் அம்புலன்சும் அதுதான். பின் கரியரில் விறகு, முன் பாரில் தங்கச்சி, ஹாண்டிலில் மண்ணெண்ணெய்க் கான். 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது எங்கள் வீட்டில் பாதி ஒரு சைக்கிளில்தான் வந்தது. அப்படி ஓடியவனுக்குச் சைக்கிள் வாங்கத் தெரியாதா?

தெரியாது. எனக்குத் தெரியவில்லை. இரத்தப் பரிசோதனையில் சீனி கொஞ்சம் எட்டிப் பார்க்கிறது என்று வைத்தியர் சொன்ன கையோடு, ரோட் பைக், அதாவது எங்கள் ஊர்ப் பேச்சில் றேசிங் சைக்கிள், ஒன்றை வாங்கினேன். பழைய சைக்கிளில் படித்த பாடமெல்லாம் இங்கே என்னைப் பிழையான பக்கம்தான் கொண்டுபோனது. நான் விட்ட பிழைகளையும் பக்கத்தில் நின்று பார்த்த பிழைகளையும் எழுதுகிறேன்.

சில்லைக் கேட்டு வாங்குவது

கடையில் நான் கேட்ட முதல் கேள்வி, "26 ஆ, 28 ஆ?" எங்களுக்கு அளவென்றால் சில்லின் அளவு. ரோட் பைக்கில் இந்தக் கேள்விக்கு அர்த்தமே இல்லை. பெரியவர்களுக்கானவற்றில் மிகப் பெரும்பாலும் ஒரே சில்லுத்தான். மாறுவது சட்டம், அதாவது பிறேம்: 50, 52, 54, 56, 58 என்று சென்ரிமீற்றரில் சொல்வார்கள். நான் ஐந்தடி ஆறங்குலம். எனக்கு 52 அல்லது 54 போதும். வாங்கி வந்தது 58. பாவித்த சைக்கிள், விலை நல்லது, பளபளப்பு, அவ்வளவுதான் பார்த்தேன்.

பெரிய சட்டத்தில் சீற்றைப் பதித்தால் சரியாகிவிடும் என்று நினைப்போம். உயரம் சரியாகலாம், நீளம் சரியாகாது. சீற்றிலிருந்து ஹாண்டில் வரையான தூரம்தான் முதுகையும் கழுத்தையும் பதம் பார்ப்பது. ஸ்ரெம் என்று சொல்லும் ஹாண்டில் கழுத்தைக் குட்டையாக மாற்றி ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் மீட்கலாம், அதற்கு மேல் மல்லுக்கட்ட முடியாது. கடையிலேயே பாருங்கள். பாருக்கு இரு பக்கமும் காலை ஊன்றி நிற்கும்போது குதி நிலத்தில் பட வேண்டும், பாருக்கும் உங்களுக்கும் இடையில் இரண்டு விரல் இடைவெளியாவது இருக்க வேண்டும். பிறகு ஏறி, பிறேக் பிடிகளின் மேல் கை வைத்துப் பாருங்கள். முழங்கை கொஞ்சம் மடிந்து, தோள் காதுக்கு ஏறாமல் இருந்தால் சரி. எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தால், எவ்வளவு மலிவாகத் தந்தாலும் அதை விட்டுவிட்டு வாருங்கள். சட்டத்தில் எழுதியிருக்கும் எண்ணையும் கண்ணை மூடி நம்பக் கூடாது. ஒரு கொம்பனியின் 54 இன்னொரு கொம்பனியின் 52 போல இருக்கும்.

இதோடு ஒட்டிய இன்னொன்று. போட்டிக்கென்று செய்த சட்டத்தில் ஹாண்டில் சீற்றை விடப் பதிந்திருக்கும், ஆள் நன்றாகக் குனிய வேண்டும். இருபது வயதில் குனிவோம். இப்போது குனிந்தால் ஒவ்வொரு உழக்குக்கும் தொடை வந்து வயிற்றில் இடிக்கும். துவிச்சக்கர வண்டிக்கும் நாங்கள் வளர்த்து வைத்திருக்கும் வண்டிக்கும் ஒத்துவராது. நீண்ட தூரம் வசதியாக ஓடுவதற்கென்றே ஹாண்டிலைக் கொஞ்சம் உயர்த்தி, கொஞ்சம் கிட்டக் கொண்டுவந்த சட்டங்கள் இருக்கின்றன. 'என்டியூரன்ஸ்' வகை என்று கேளுங்கள். திரும்ப உடம்பைப் பிடிக்க நினைப்பவருக்கு அதுதான்.

"மேடே இல்லாத ஊரில் கியர் எதற்கு?"

இந்தக் கேள்வியை யாழ்ப்பாணத்தில் கேட்காத ஆளில்லை. குடாநாடு தட்டையானது, உண்மைதான். ஆனால் எங்களுக்கு மலையும் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது. வைகாசிக்குப் பிறகு சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, எழும்பிய நேரத்தில் பண்ணைப் பாலத்தால் வேலணைப் பக்கம் ஓடிப் பாருங்கள், அல்லது வல்லைவெளியைக் கடந்து பாருங்கள். இரு பக்கமும் மறைப்பு இல்லை, பனையும் இல்லை, வேலியும் இல்லை. மலை என்றால் ஓர் இடத்தில் முடியும். காற்று அப்படி இல்லை.

நீங்கள் மணிக்கு 20 கிலோமீற்றரில் ஓட, எதிர்க்காற்றும் 20 இல் வந்தால் உங்கள் நெஞ்சில் மோதும் காற்றின் வேகம் 40. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு கூடும், அதாவது இரண்டு மடங்கு வேகத்துக்கு நான்கு மடங்கு எதிர்ப்பு. இதைப் பழைய றேசிங் சைக்கிளின் கியரோடு வைத்துப் பாருங்கள். என்னுடையதில் முன்னால் 52, 42 பற்களில் இரண்டு வட்டம், பின்னால் பெரியதே 23 பல். மிக இலேசான கியரில்கூட ஒரு முழு உழக்குக்கு 3.8 மீற்றரளவு தள்ள வேண்டும். முன்னால் 50, 34, பின்னால் பெரியது 32 பல் என்று வரும் இப்போதைய சைக்கிளில் அதே உழக்கு 2.3 மீற்றரோடு நிற்கும். அந்த வித்தியாசம் முழுவதும் முழங்காலில் தெரியும்.

எனக்குத் தெரிந்தது ஒரு தை மாதக் காலையில். வாடைக்காற்று முதுகில் தள்ள ஊர்காவற்துறை வரை பறந்து போனேன். அட, உடம்பு இன்னும் இருக்கிறதே என்று எனக்கே பெருமை. திரும்பி வரும்போது வேலணை தாண்டிப் பாலத்தில் ஏறியதும் சைக்கிள் நின்றுவிட்டது போல இருந்தது. எழும்பி நின்று மிதிக்கிறேன், முழங்கால் சிப்பிக்குக் கீழே ஊசி குத்துகிறது. பின்னால் மீன்பெட்டி கட்டிய ஓர் ஐயா, கியரே இல்லாத லுமாலா சைக்கிளில், ஹாண்டிலின் நடுவைப் பிடித்துக் குனிந்தபடி மெதுவாக என்னைத் தாண்டினார். போகிற போக்கில், "தம்பி, காத்தோடை சண்டை பிடியாதை" என்றார். அவர் வேகத்தை விட்டுக்கொடுத்து மெல்ல உழக்கிக்கொண்டு போனார். அப்படி மெல்லப் போவதற்கு என் சைக்கிளில் கியர் இல்லை. அன்று படித்த இன்னொன்று: முதலில் காற்றுக்கு எதிராகப் போய், களைத்த பிறகு காற்றோடு வீடு திரும்ப வேண்டும்.

பழைய சைக்கிளில் பாரமான உழக்காக, மெதுவாக உழக்கியே எங்களுக்குப் பழக்கம். இலேசான கியரில் நிமிடத்துக்கு எழுபது, எண்பது சுற்று வரப் பழகினால் முழங்கால் தப்பும். முதல் இரண்டு கிழமை கால் வெறுமனே சுற்றுவது போலிருக்கும், பிறகு பழகிவிடும்.

ஒல்லி ரயரில் மயங்குவது

23 மில்லிமீற்றர் ரயர் பார்க்க அழகு. காப்பெற் போட்ட கண்டி வீதியில், பலாலி வீதியில் ஓடவும் சுகம். ஆனால் வீட்டுக்குப் போக ஒழுங்கைக்குள் இறங்க வேண்டுமே. கல்லும் குழியும் மணலும் உள்ள இடத்தில் அந்த ரயர் கையையும் முதுகையும் உலுப்பிவிடும், மணலில் வழுக்கும். 28 எடுங்கள், 32 பிடித்தால் இன்னும் நல்லது. வேகம் குறையுமோ என்ற பயம் வேண்டாம். கரடான வீதியில் அகலமான ரயரைக் கொஞ்சம் குறைந்த காற்றோடு ஓடுவது பெரும்பாலும் உங்களை மந்தமாக்காது. பார்க்க வேண்டியது, சட்டத்திலும் பிறேக்கிலும் அதற்கு இடம் இருக்கிறதா என்பது. பழைய றேசிங் சட்டங்கள் பலவற்றில் 25 ஐ விட அகலமான ரயர் போனால் பிறேக்கில் உரசும்.

ரயர் மாற்றும் நேரம் வரும்போதுதான் 28 என்ற எண் அடுத்த வேலையைக் காட்டும். எங்கள் பெரிய சைக்கிளின் 28 இஞ்சி ரயரில் பல, ரிம்மில் உட்காரும் விட்டம் 635 மில்லிமீற்றர் உள்ளவை. ரோட் பைக்கினது 622. பெயர் ஒன்று போல ஒலிக்கும், ஒன்றுக்கொன்று போடவே முடியாது. ரயரின் பக்கத்தில் 28-622, 32-622 என்று எழுதியிருக்கும், அந்த எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

வால்வும் வேறு. மெல்லியதாய், நுனியில் சின்னப் பித்தளைத் திருகோடு இருக்கும், பிறெஸ்ரா என்பார்கள். ஒருமுறை அராலிப் பக்கத்தில் நெருஞ்சி முள் ஏறிக் காற்றுப் போய்விட்டது. தெருவோரச் சைக்கிள் கடைக்காரர் ஐந்து நிமிடத்தில் அழகாக ஒட்டுப் போட்டுவிட்டார். காற்றடிக்கத்தான் முடியவில்லை, அவருடைய பம்மின் வாய் இந்த வால்வுக்குப் பொருந்தவில்லை. நகம் அளவுள்ள ஒரு மாற்றுமுனை பையில் இருந்திருந்தால் நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்திருக்க மாட்டேன். இன்னொன்று, பெருவிரலால் அமத்திப் பார்த்து "காத்து இருக்கு" என்று சொல்லும் பழக்கம் இங்கே உதவாது. 75 கிலோ ஆளுக்கு 28 ரயரில் 70 முதல் 80 பவுண் வரை இருந்தால் நல்லது. அளவுமானி உள்ள பம் ஒன்று வாங்கி, கிழமைக்கு ஒருமுறையாவது பாருங்கள்.

வெளிநாட்டுச் சைக்கிளை அப்படியே ஏறி ஓடுவது

ரொறன்ரோவிலிருந்து அண்ணன் அனுப்பிய சைக்கிள், லண்டனிலிருந்து சித்தப்பா கொண்டுவந்து விட்டுப்போன சைக்கிள் என்று எங்கள் வீடுகளில் நல்ல உருப்படிகள் நிற்கின்றன. ஒன்றை மட்டும் ஏறுமுன் பார்த்துவிடுங்கள். எங்கள் பழைய சைக்கிள்களிலும், இங்கிலாந்து, ஜப்பான் சைக்கிள்களிலும் பொதுவாக வலக்கைப் பிறேக் முன்சில்லுக்கு. கனடாவில் விற்பவற்றில் பெரும்பாலும் இடக்கைப் பிறேக்தான் முன்சில்லுக்கு. என் மச்சானுக்கு இது தெரியாது. கொக்குவில் பக்கம் கட்டாக்காலி மாடு ஒன்று குறுக்கே வர, பழக்கதோசத்தில் இடக்கையைத்தான் இறுக்கினார், பின்சில்லு மெல்ல நிற்கும் என்று. முன்சில்லு பூட்டிக்கொண்டது. ஹாண்டிலுக்கு மேலால் போய் விழுந்து முழங்கை தோல் உரிந்தது, மாடு நின்று பார்த்தது. கம்பிப் பிறேக் என்றால் கடையில் இடம் மாற்றுவது சின்ன வேலை. எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் டிஸ்க் பிறேக் என்றால் அதற்குத் தெரிந்த ஆள் வேண்டும்.

பாவித்த காபன் சட்டம் என்றால் நான் தயங்குவேன். விழுந்து அடிபட்ட வெடிப்பு மேற்பூச்சுக்குக் கீழே மறைந்திருக்கலாம், ஒட்டுவதும் எல்லோராலும் முடிகிற வேலை இல்லை. ஒரு விரலால் தூக்கிக் காட்டுவார்கள், அசர வேண்டாம். தட்டையான வீதியில் இரண்டு கிலோ குறைந்த சைக்கிள் உங்களைப் பெரிதாக முந்தவைக்காது. அந்த இரண்டு கிலோவை வேறு இடத்தில் குறைக்கத்தானே வெளிக்கிட்டிருக்கிறோம். அலுமினியமோ நல்ல இரும்போ போதும்.

இரும்பென்றால் உப்புக்காற்றை மறக்கக் கூடாது. கடற்கரை ஓட்டத்துக்குப் பிறகு நல்ல தண்ணீரால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றிவிடுங்கள். சீற் தண்டைக் கழற்றி உட்பக்கம் கிறீஸ் பூசி வைக்காவிட்டால், இரண்டு மாரி போன பிறகு அது சட்டத்தோடு கலியாணம் கட்டிவிடும். செயினுக்குக் கழிவு ஒயில் ஊற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். செம்மண் தூசி அதில் பிடித்துச் செயினையும் பல்லையும் அரம் போல அராவும்.

சீற்றும் மிச்சக் காசும்

பின்பக்கம் நோகிறது என்று தலையணை போன்ற சீற் வாங்காதீர்கள். அரை மணி நேரத்துக்கு அது சொர்க்கம், அதற்குப் பிறகு அமிழ்ந்து உரசத் தொடங்கும். இருக்கை எலும்பின் அகலத்துக்குப் பொருந்துகிற, கொஞ்சம் கடினமான சீற்றும், மெத்தை தைத்த உள்காற்சட்டையும் நல்லது. மரத்துப் போனால் சீற்றின் மூக்கு மேல்நோக்கி இருக்கிறதா என்று பாருங்கள். உயரத்துக்கு ஒரு சுலபமான வழி: பெடல் அடியில் இருக்கும்போது குதியை அதில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பலரும் நிலத்தில் கால் எட்ட வேண்டும் என்று பதித்து வைக்கிறார்கள். முழங்காலின் முன்பக்கம் நோவதற்கு முதல் சந்தேகம் அதில்தான்.

கையிலுள்ள காசு முழுவதையும் சைக்கிளுக்கே கொடுத்துவிடாமல் ஹெல்மெற், முன்பின் லைற், மேலதிக ரியூப், பம் இவற்றுக்கு வையுங்கள். விடிய ஐந்தரைக்கு வெளிக்கிட்டால்தான் வெயிலுக்கு முன் வீடு சேரலாம், அந்த நேரத்தில் லைற் இல்லாத சைக்கிளை பஸ் சாரதிக்குத் தெரியாது. சப்பாத்தைப் பூட்டிக்கொள்ளும் பெடல் முதல் ஆறு மாதம் வேண்டாம். நாய் துரத்தும்போது கால் உடனே வெளியே வர வேண்டும்.

பருத்தித்துறைக்கு முதல் ஞாயிறே போய் வருவேன் என்று நிற்பவர்களுக்கும் ஒன்று. பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி. ஐந்து காலை, அரை மணி நேரம், ஊருக்குள்ளேயே போதும். நெஞ்சு நோ இருந்தவர்கள், பிறஷருக்கு மருந்து எடுப்பவர்கள் வைத்தியரிடம் ஒரு சொல் கேட்டுவிட்டு ஏறுங்கள். இன்சுலினோ சீனியைக் குறைக்கும் குளிசையோ பாவிப்பவர் என்றால் சட்டைப் பையில் நாலு குளுக்கோஸ் துண்டு இருக்கட்டும், உழக்கும்போது சீனி சட்டென்று இறங்கக் கூடும்.

அந்த 58 ஐ உயரமான ஒரு பெடியனுக்கு விற்றுவிட்டேன், அவனுக்கு அளவாக இருந்தது. இப்போது ஓடுவது 53 அளவு அலுமினியச் சட்டம், 32 ரயர், பின்னால் மட்கார்டும் கரியரும் பூட்டத் துளை உள்ளது. அந்தத் துளையைக் கடைக்காரர்தான் முதலில் கண்டார். "கரியர் போடேல்லையோ?" என்றார். றேசிங் சைக்கிளுக்குக் கரியரா என்று முதலில் சிரித்தேன். போன ஞாயிறு திருநெல்வேலிச் சந்தையால் திரும்பும்போது அதில் இரண்டு கட்டுக் கீரையும் ஒரு பூசணிக்காயும் இருந்தன.