மேக்ரோ லென்ஸ் வாங்கப் போகும்போது பையில் ஒரு ஸ்கேல் இருக்கட்டும்

மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மும்பையின் சயான் பாந்த்ரா இணைப்புச் சாலையில், மித்தி ஆற்றங்கரையில் இருக்கும் மகாராஷ்டிரா நேச்சர் பார்க்குக்குப் போயிருந்தோம். ஒரு காலத்தில் ஊர்க் குப்பையைக் கொட்டிய இடம் அது. இன்று பட்டாம்பூச்சியும் சிலந்தியுமாக நிறைந்திருக்கிறது. ஆமணக்கு இலை ஒன்றின்மேல் குதிக்கும் சிலந்தி. ஐந்தாறு மில்லிமீட்டர் இருக்கும். கூட வந்த பக்கத்து வீட்டுத் தம்பி, சின்னப் பொருள்களை மிகக் கிட்டே போய் எடுக்க உதவும், புதிதாக வாங்கிய 40 மி.மீ. மேக்ரோ லென்ஸோடு குனிந்தான். லென்ஸின் நிழல் இலையில் விழுந்ததும் சிலந்தி இலைக்கு அடியில் போய்விட்டது. காலை முழுக்க இதே கதைதான். "லென்ஸ்ல ஏதாவது கோளாறா அண்ணா?" என்று கேட்டான்.

லென்ஸ் நன்றாகத்தான் இருந்தது. வாங்கும்போது அவன் பார்க்காமல் விட்டது ஒன்றுதான்: லென்ஸின் முகத்துக்கும் பூச்சிக்கும் நடுவில் எவ்வளவு இடம் மிஞ்சும்? நான் பார்த்த வரையில் புதிதாக வாங்குகிறவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். அந்த நிக்கான் 40 மி.மீ. லென்ஸின் குறைந்தபட்ச ஃபோக்கஸ் தூரம் 16.3 செ.மீ. என்று போட்டிருக்கும். படிக்கும்போது தாராளமாகத்தான் தெரியும். ஆனால் அந்தத் தூரத்தைக் கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரிலிருந்து அளக்கிறார்கள். கேமராவின் ஆழமும் லென்ஸின் நீளமும் போக, முழு உருப்பெருக்கத்தில் மிஞ்சுவது சுமார் மூன்றரை செ.மீ. இரண்டு விரலைச் சேர்த்து வைத்தால் அவ்வளவுதான் இடம். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வரும்?

அதே நிறுவனத்தின் 60 மி.மீ. லென்ஸில் ஏறக்குறைய 5 செ.மீ. கிடைக்கும். 100, 105 மி.மீ. லென்ஸ்களில் 13, 14 செ.மீ. வரை போகும். எல்லாமே 1:1தான், அதாவது பூச்சி அதன் உண்மையான அளவிலேயே சென்சாரில் விழும். மாறுவது நீங்கள் நிற்கும் இடம். தட்டான், சிலந்தி, முசுறு எறும்பு என்று உயிருள்ளவற்றை எடுப்பதானால் 90 மி.மீ.க்குக் கீழே போகாதீர்கள் என்பேன். 150, 180 இன்னும் தள்ளி நிற்க விடும்; ஆனால் கேனானின் 180 மி.மீ. ஒரு கிலோவைத் தாண்டும். கையில் பிடித்துக்கொண்டு புதருக்குள் அரை மணி நேரம் குனிந்து நிற்பது எளிதல்ல.

அடுத்தது, லென்ஸ்மேல் 'மேக்ரோ' என்று எழுதியிருப்பதை நம்புவது. 70-300 போன்ற சில ஜூம் லென்ஸ்களிலும் அந்தச் சொல் இருக்கும். அவற்றில் பல 1:2 வரைதான் (பாதி அளவு) போகும், சில அதுவும் போகாது. நிக்கான்காரர்கள் தங்கள் அசல் மேக்ரோ லென்ஸை 'மைக்ரோ' என்றுதான் எழுதுவார்கள். அதைப் பார்த்துவிட்டு வேறு ஏதோ என்று ஒதுக்கியவர்களும் உண்டு. இங்கேதான் ஸ்கேல் வேண்டும். பிள்ளைகளின் ஜாமெட்ரி பெட்டியில் இருக்கும் 15 செ.மீ. ஸ்கேல் போதும். கடையிலேயே லென்ஸை மிகக் கிட்டே போகும் நிலைக்குத் திருப்பி வையுங்கள். ஆட்டோஃபோக்கஸை அணைத்துவிட்டு, ஸ்கேலின் கோடுகள் தெளிவாகத் தெரியும்வரை முன்னும் பின்னும் நகர்ந்து ஒரு படம் எடுங்கள். படத்தின் அகலத்தில் எத்தனை மில்லிமீட்டர் தெரிகிறது என்று எண்ணுங்கள். நிக்கானின் கிராப் சென்சாரில் (சிறிய சென்சார்) 23, 24, கேனான் கிராப்பில் 22, ஃபுல் ஃபிரேமில் (பெரிய சென்சார்) 36 என்றால் அது 1:1. அதற்கு இருமடங்கு தெரிந்தால் 1:2. அப்புறம் கேமராவை அசைக்காமல், அதே ஸ்கேலால் லென்ஸ் முனையிலிருந்து மேசைவரை அளந்துவிடுங்கள். இரண்டு நிமிட வேலை, கடைக்காரர் ஒன்றும் நினைக்கமாட்டார்.

அப்பர்ச்சர், அதாவது லென்ஸின் ஒளித்துளை, அகலமாகத் திறக்கும் என்று காட்டும் எஃப்/2.8 என்ற எண்ணுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். 1:1க்குப் போகும்போது சென்சாரை எட்டும் ஒளி இரண்டு ஸ்டாப் அளவு (ஒரு ஸ்டாப் என்றால் பாதி) குறைந்து, எஃப்/2.8 நடைமுறையில் எஃப்/5.6 போலத்தான் வேலை செய்யும். அந்த நெருக்கத்தில் எஃப்/8 வைத்தால்கூட தெளிவாக விழும் ஆழம் ஒரு மில்லிமீட்டருக்குள்தான். சிலந்தியின் கண்ணுக்கு ஃபோக்கஸ் செய்தால் முதுகு மங்கும். ஆகவே அப்பர்ச்சரைச் சுருக்கித்தான் எடுப்போம். ரொம்பச் சுருக்கினால் படம் மொத்தமாக மழுங்கும், அது வேறு. கை அதிர்வைக் குறைக்கும் வசதியும் இப்படித்தான். கேனானின் 100 மி.மீ. எல் லென்ஸ் சாதாரணத் தூரத்தில் 4 ஸ்டாப் காப்பாற்றும் என்று சொல்லும் அதே நிறுவனம், 1:1இல் 2 ஸ்டாப் என்றுதான் சொல்கிறது. உடம்பு முன்னும் பின்னும் ஆடுவதை அந்த வசதி தடுக்காது. அந்தப் பணத்தில் ஒரு ஃபிளாஷும், அதன் முன்னால் கட்ட வெள்ளை ட்ரேசிங் பேப்பரும் வாங்கினால் படம் உடனே மாறும். இதை நான் அழுத்திச் சொல்வேன்.

கேமராவுக்குப் பொருந்துமா என்பதை வாங்கும் முன்பே பாருங்கள். நிக்கான் டி3500, டி5600 போன்றவற்றில் ஃபோக்கஸ் மோட்டார் கிடையாது. தனக்கென்று மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி லென்ஸ்களைப் போட்டால் கையால்தான் திருப்ப வேண்டும். மேக்ரோவுக்கு அது பெரிய குறையில்லை, ஆனால் அதே லென்ஸில் முகங்களும் எடுக்க நினைத்தால் சிரமம். கேனானின் இஎஃப்-எஸ் 60 மி.மீ. அதன் ஃபுல் ஃபிரேம் டிஎஸ்எல்ஆர் கேமராவில் மாட்டவே மாட்டாது.

பூச்சி எடுப்பது நமக்கு ஒத்துவருமா என்றே தெரியாத நிலையில் நேராக லென்ஸுக்குப் போவதும் தவறுதான். கையில் 50 மி.மீ. லென்ஸ் இருந்தால், கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் மாட்டும் எக்ஸ்டென்ஷன் ட்யூப் போட்டுப் பாருங்கள். 25 மி.மீ. ட்யூபில் ஏறக்குறைய 1:2, 50 மி.மீ.யில் 1:1. உள்ளே கண்ணாடி கிடையாது, விலையும் குறைவு. மின் இணைப்புப் புள்ளிகள் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். இல்லாததைக் கேனானில் போட்டால் அப்பர்ச்சரை மாற்ற முடியாது.

செகண்ட் ஹேண்ட் லென்ஸ் தாராளமாக வாங்கலாம். ஃபோர்ட்டில் போரா பஜார் பக்கம் போனால் நிறையவே கிடைக்கும். ஆனால் மும்பையின் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான ஈரத்தை மறக்கக் கூடாது. நான் ஒரு முறை ஒரு கடையின் குழல் விளக்கு வெளிச்சத்தில் மட்டும் பார்த்து வாங்கிவந்து, வீட்டில் மொபைல் டார்ச்சைப் பின்பக்கமிருந்து அடித்தபோது, உள்கண்ணாடியின் ஓரத்தில் நூலாம்படை போல மெல்லிய இழைகள் கிளைவிட்டிருந்தன. ஃபங்கஸ், அதாவது பூஞ்சை. சுத்தம் செய்யக் கொடுத்த செலவில் இன்னும் கொஞ்சம் போட்டிருந்தால் நல்ல லென்ஸே வந்திருக்கும். டார்ச் அடித்துப் பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள். வாங்கிய பிறகும் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள்.

அந்தத் தம்பி லென்ஸைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அவன் மாமா தாராவியில் நகைப்பட்டறை வைத்திருக்கிறார். மூக்குத்தியும் ஜிமிக்கியும் மேசையில் அசையாமல் இருக்கும், விளக்கை வேண்டிய பக்கம் வைத்துக்கொள்ளலாம், அந்த இடத்துக்கு 40 மி.மீ. கச்சிதம். சிலந்திக்காக இப்போது ஒரு பழைய 90 மி.மீ. தேடிக்கொண்டிருக்கிறான். போன வாரம் கடைக்குக் கிளம்பும்போது என் மகளிடம் ஸ்கேல் கேட்டு வாங்கிப் போனான்.