கடற்கரையில் நெபுலா படம் எடுக்கப் போகிறீர்களா?

கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஜனவரி இரவில் ஓரியன் நெபுலா என்ற ஒளிரும் வாயு-தூசு மேகத்தைப் படம் எடுக்கப் போனால் பெரிய தொல்லை தெருவிளக்கு அல்ல, ஈரக்காற்றுதான். லென்ஸில் பனி படிந்து நட்சத்திரமெல்லாம் பஞ்சு மாதிரி ஆகிவிடும். எனக்கு ஒரு ராத்திரியே அப்படி வீணானது. துணியால் தேய்க்காதீர்கள், மணல் துகள் கண்ணாடியைக் கீறும். பவர் பேங்கில் ஓடும் டியூ ஹீட்டர் என்ற சூடாக்கும் பட்டையை லென்ஸின் முன்பக்கம் சுற்றிவிடுங்கள். கண்ணாடி லேசான சூட்டில் இருந்தால் ஈரம் படியாது.

வானத்தின் நகர்வுக்கு ஏற்ப கேமராவைத் திருப்பும் டிராக்கர் இல்லையா? சரி, 50 மி.மீ. லென்ஸில் படத்துக்கு 4 நொடி, அதற்கு மேல் போனால் நட்சத்திரம் கோடாக இழுக்கும். 200 படம் எடுத்து, இலவச மென்பொருளான சிரிலில் (Siril) ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்குங்கள்.

அப்புறம், வாட்ஸ்அப்பில் பகிரும்போது டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். போட்டோவாக அனுப்பினால் சுருங்கி, நெபுலாவின் மங்கலான சிவப்புப் படலம் கட்டம் கட்டமாக உடைந்துவிடும்.